ஆளில்லாத ரூமில் நாலு காத்தாடி

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருவனுக்குப் பேர் வந்துவிட்டால் அதோடு அவன் நிம்மதி போயிற்று. கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் யாராவது ஒரு அங்கிள் தோளைத் தொட்டு, "தம்பி, நம்ம வீட்டுல பிரிண்டர் ரோசாக் ஆயி, ஓடாம கெடக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். இருபது வருடமாக இந்தப் பேரைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இன்று ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது.

இந்தக் கதை நடந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஆபீசில் ஐடி சப்போர்ட் வேலை. யாராவது போன் செய்து "ஸ்கிரீன் வரல" என்றால், மாடியேறிப் போய் வயர் சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சொருகியிருக்காது. சொருகியிருந்தால் ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுவேன். (அதற்கும் சரியாகாவிட்டால் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். அவருக்கு நிஜமாகவே தெரியும்.) என் அம்மாவோ செந்தூல் ஃபிளாட்டில் எல்லா மாடியிலும் என்னைக் கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று சொல்லி வைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. மாலினியிடமும் மறுக்கவில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது.

மாலினி அதே கட்டடத்தில் பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். வீடு கிள்ளானில். தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து போவாள். இரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பேசி, இனி வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருந்தோம். அங்கேதான் அவள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"எங்கப்பா எதையும் தனியா முடிவு பண்ண மாட்டாரு. ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருக்காரே பெரியப்பா, அவரு சரின்னு சொல்லணும். அவரு சரின்னா வீடே சரிதான்."

"சரி, பெரியப்பாகிட்ட எப்பப் பேசறது?"

"தீபாவளிக்குத்தான். வருஷத்துல ஒரு தடவ வீடியோ கால் போடுவாரு. எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருப்போம். ஆனா ஒரு பிரச்சனை இருக்கு."

பிரச்சனை கம்ப்யூட்டரின் சத்தம். போன தீபாவளிக்குப் பெரியப்பா பத்தே நிமிடத்தில், "என்னாடா தண்டபாணி, வீட்டுக்குள்ள லோரி ஓட்டுறியா? ஒன்னும் கேக்கலையே" என்று வைத்துவிட்டாராம். மாலினியின் அப்பாவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லையாம். அந்தச் சத்தத்தை ஒருவன் போக்கிக் கொடுத்தால் அவன் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நிற்கலாம். தீபாவளியன்று அவனைப் பெரியப்பா முன்னால் நிறுத்தவும் வாய்ப்பாக இருக்கும். இதுதான் மாலினியின் திட்டம். திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் நண்பன் என்ற பெயரில் கிள்ளானுக்குப் போனேன். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் பெட்டி. (அதில் பாதி ஸ்க்ரூடிரைவர் எதற்கென்று எனக்குத் தெரியாது.) வாசலில் நுழைந்ததும் ஒரே இரைச்சல். மாலினியின் அம்மா தோசைக்கு அரைக்கிறார் போல என்று நினைத்து, பவ்யமாக, "நாளைக்கு தோசையா ஆன்டி?" என்று கேட்டேன். ஆன்டி விழித்தார். மாலினி என் முழங்கையைக் கிள்ளினாள். அதுதான் கம்ப்யூட்டர்.

சாமி மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு அதை வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சூட்டைத் தணிக்கச் சுழலும் நாலு காத்தாடிகளின் இறக்கைகளிலும் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. அறிவுள்ளவன் ஒரு பிரஷ் வாங்கித் தட்டியிருப்பான். நான் வாயால் ஒரு ஊது ஊதினேன். ஆறு தும்மல் போட்டேன். தூசி தட்டுவது எஞ்சினியர் வேலையில்லை என்று முடிவு செய்து மூடியை மாட்டிவிட்டேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மாலினியின் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். தண்டபாணி அங்கிள் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருட சர்வீஸில் ஒரு தப்பு கிடையாது என்பதைச் சோறு போடும்போது ஒரு தடவையும் ரசம் ஊற்றும்போது ஒரு தடவையும் சொன்னார். பிறகு நான் எழுந்து கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த காத்தாடி நின்றிருந்தது.

"ஆளில்லாத எடத்துல காத்தாடி எதுக்கு தம்பி?" என்றார் அங்கிள்.

எனக்குப் பாயசம் பாக்கி இருந்தது. வியர்வையோடு குடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் சாமான்களாகவே விற்கும் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போனேன். மூன்றாவது மாடியில் ஒரு சீனத் தம்பியின் கடை. சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, "பாஸ், கிளீன் பண்ணியாச்சா?" என்றுதான். எனக்குக் காது கேட்கவில்லை. ஏனென்றால் அவன் தலைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டரின் முகப்பில் சிடி போடும் இடத்தில் பொருத்துகிற ஒரு கறுப்புப் பலகை. அதில் வரிசையாக நாலு குமிழ்கள், ஒவ்வொன்றையும் சுற்றி நீல விளக்கு. உள்ளே இருக்கும் காத்தாடிகளின் வயரை இதில் சொருகிவிட்டால், குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேகம் குறைந்தால் சத்தமும் குறையும். முழுக்க இடப்பக்கம் திருகினால் 'டிக்' என்று நின்றே போகும். விமானம் ஓட்டுகிறவன் முன்னால் இருக்கும் சாமான் மாதிரி இருந்தது. வேறு என்ன வேண்டும்?

மறுநாளே கிள்ளான். அங்கிள் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெட்டியின் முன்னும் பின்னும் இருந்த மூன்று காத்தாடிகளையும் மாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாலாவது குமிழ் சும்மா இருந்தது. அது சும்மா இருந்தது என் கண்ணை உறுத்தியது. கம்ப்யூட்டரின் மூளைக்கு மேலேயே உட்கார்ந்து அதைக் குளிர வைக்கும் காத்தாடி ஒன்று உண்டு. அதைப் பிடுங்கி இதில் சொருகினேன். (அப்படிச் செய்யவே கூடாது என்று கூடவே வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை அடுத்த மாதம் படித்தேன்.)

வேகத்தைக் குறைத்ததும் பலகைக்குள்ளிருந்து ஒரு சின்ன சாமான் 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்தது. காத்தாடி நின்றுபோகிற மாதிரி இருந்தால் எச்சரிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். சத்தத்தைப் போக்க வந்தவனுக்கு முன்னாலேயே சத்தமா? அதன் வயரைக் கத்தரித்தேன்.

"இது என்னா தம்பி?" என்று அங்கிள் குமிழ்களைக் காட்டினார்.

"ஒன்னும் பெரிய விஷயம் இல்ல அங்கிள். வீட்டுக் காத்தாடிக்குச் செவத்துல ரெகுலேட்டர் இருக்குல்ல, அதேதான். உள்ள நாலு காத்தாடி ஓடுது. வேணும்னா கூட்டிக்கலாம், வேணாம்னா கொறச்சுக்கலாம்."

"அணைக்கவும் செய்யலாமா?"

"தாராளமா அங்கிள்."

இந்தத் 'தாராளமா'வை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. அது போதாதென்று மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு குமிழுக்குக் கீழேயும் அழகாக 'காத்தாடி 1', 'காத்தாடி 2' என்று நாலு வரைக்கும் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு நாலையும் மிகக் குறைந்த வேகத்தில் வைத்தேன். இரைச்சல் இறங்கி இறங்கி இல்லாமலே போயிற்று. ஆன்டி சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். "என்னாங்க, செவத்துக் கடிகாரம் ஓடுறது கேக்குதுங்க!" என்றார். அங்கிள் எழுந்து நின்று என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். அதுவரை ஆபீஸ் நண்பனைப் பார்த்த பார்வை இல்லை அது. கொமுட்டரில் திரும்பி வரும்போது நான் நின்றுகொண்டேதான் வந்தேன். உட்கார இடம் இருந்தது. கால் தரையில் பாவினால்தானே உட்காருவது!

தீபாவளியும் வந்தது. அங்கிள் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், அதாவது வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து, என்றால் அந்த வரிசை வீடுகள் மொத்தமும் வரும். கேட்டுக்கு வெளியே செருப்பு மலை. வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் பக்கத்து வீட்டு சீனக் குடும்பம் முறுக்கு தின்கிறது, எதிர் வீட்டு மலாய்க்காரர் இரண்டாவது தட்டு ஆட்டுக்கறிக்கு ஆன்டியிடம் ரகசியமாகக் கண் காட்டுகிறார். நான் மயில் நிறத்தில் ஒரு ஜிப்பா போட்டுக்கொண்டு, இப்போதே மருமகன் ஆனவன் போல எல்லோருக்கும் ரோஸ் சிராப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா மூன்று மணிக்குக் கூப்பிடுவார். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம், அதனால் அதில் குழப்பம் இல்லை. ஒரு மணிக்கே கம்ப்யூட்டரைப் போட்டுச் சோதித்துவிட்டேன். குமிழ்கள் நாலும் நான் வைத்த இடத்தில் இருந்தன. சத்தம் இல்லை. பிறகு கூடத்தில் இருந்த எல்லோரும் சாப்பிடக் கூடாரத்துக்கு வந்துவிட்டார்கள், நானும் சிராப்புக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. சோபாவில் பெரியவர்கள், தரையில் மற்றவர்கள், வாசற்படி வரைக்கும் தலைகள். திரையில் பெரியப்பாவின் நெற்றியும் அவர் வீட்டுக் கூரையும் தெரிந்தன.

"ஹேப்பி தீபாவளி! அட, இந்த வருஷம் தெளிவா கேக்குதே! லோரிய வித்துட்டியா தண்டபாணி?"

வீடே சிரித்தது. அங்கிளுக்கு முகம் பூத்துவிட்டது. "தம்பி ஒருத்தர் வந்து செஞ்சு குடுத்தாருண்ணே. நம்ம மாலினிகூட வேலை செய்றவரு. நல்ல புள்ள" என்று என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து உட்கார வைத்தார். ஆன்டி மாலினியைப் பார்த்தார். மாலினி தரையைப் பார்த்தாள். பெர்த்தில் நெற்றி மேலே ஏறிக் கண்கள் வந்தன. அவருக்குப் புரிந்துவிட்டது. கூடத்தில் எல்லோருக்குமே புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு ஏதோ தீயும் வாடை வந்தது. ஆன்டி அடுப்பில் கறியை மறந்துவிட்டார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பி என்னா வேலை செய்றீங்க?" என்றார் பெரியப்பா.

இந்தக் கேள்விக்காக ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். முதுகை நிமிர்த்தினேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"கம்ப்யூட்டர், அங்கிள்."

திரை இருண்டது.

பெரியப்பா போய்விட்டார். கறுப்புக் கண்ணாடியில் மயில் நிற ஜிப்பாவோடு என் முகம் மட்டும் தெரிந்தது. அப்போது நிலவிய அமைதி இருக்கிறதே, அவ்வளவு அமைதியை எந்தக் குமிழைத் திருகியும் கொண்டுவர முடியாது. சுவர்க் கடிகாரம் நன்றாகக் கேட்டது. பின்னாலிருந்து மாலினியின் சித்திதான் முதலில் வாயைத் திறந்தார். "பேரச் சொன்னதுமே படுத்துருச்சே!"

உடனே அங்கிளின் கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் பெர்த். "என்னாடா, கட் ஆயிருச்சு? அந்தத் தம்பி கம்ப்யூட்டர்னாரு. கம்ப்யூட்டர்ல என்னா? விக்கிறாரா?"

நான் பாய்ந்து போய்ப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். அடுப்பைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. அவ்வளவு பேர் பார்க்கிறார்களே, சும்மா நிற்கலாமா? எஞ்சினியர் போல உள்ளே கைவிட்டு ஓர் உலோகத்தைத் தொட்டேன். "ஆத்தாடி!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மலாய்க்காரர் தட்டோடு உள்ளே ஓடி வந்துவிட்டார்.

விரலை வாயில் வைத்துக்கொண்டு முகப்பைப் பார்த்தேன். நாலு குமிழ்களும் முழுக்க இடப்பக்கம் திருகியிருந்தன. நாலு காத்தாடியும் நின்றிருந்தன. காற்றே இல்லாமல் இரண்டு மணி நேரம் வெந்த கம்ப்யூட்டர், வீடியோ கால் பாரமும் சேர்ந்ததும் தன்னைத் தானே அணைத்துக்கொண்டுவிட்டது. எச்சரித்திருக்க வேண்டிய சாமானின் குரல்வளையை நான் ஏற்கெனவே அறுத்திருந்தேன்.

"யாரு இத அணைச்சது?" என்றார் சித்தி, குமிழ்களைப் பார்த்து.

அங்கிள் என் பக்கத்தில் நின்றிருந்தார். குமிழ்களைப் பார்த்தார். மேலே கூடத்துக் காத்தாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போனதும் வழக்கம்போல ஒவ்வொரு ரூமாக வந்திருக்கிறார். கூடத்துக் காத்தாடியை அணைத்திருக்கிறார். திரும்பினால் ஆளில்லாத ரூமில் இன்னும் நாலு காத்தாடி ஓடுகிறது, அதுவும் நம்பர் போட்டு. அந்த மனிதர் அதை எப்படித் தாங்குவார்?

முப்பது வருடத்தில் ஒரு தப்பு செய்யாதவர். சொந்தபந்தம் மொத்தமும் கூடத்தில், அண்ணன் ஸ்பீக்கரில். காது மடல் சிவந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"நான்தான் அணைச்சேன். சாப்பிடப் போறப்போ ஏதோ ஞாபகத்துல அணைச்சுட்டேன். சாரி" என்றேன்.

இதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெண் கேட்கப் போகிற வீட்டில் மாமனாரைக் காட்டிக் கொடுக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை, அவ்வளவுதான். அதோடு, யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. ரெகுலேட்டர் மாதிரிதான் என்று சொன்னவன் நான். 'தாராளமா' என்றவனும் நான். சேர்க்கக் கூடாத காத்தாடியைச் சேர்த்தது, கத்துகிற சாமானின் வயரை வெட்டியது எல்லாம் என் கைங்கரியம். அங்கிள் கடைசியில் நாலு திருகு திருகினார், அவ்வளவே.

கைபேசியில் பெரியப்பா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "கம்ப்யூட்டர் வேலை பாக்குறவரு கம்ப்யூட்டர் காத்தாடிய அணைச்சுட்டாரா! டேய் தண்டபாணி, கேளு. இத்தன பேரு முன்னால செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டாரு பாரு. பொய் சொல்லத் தெரியாத புள்ளடா. போதும் லா, நமக்கு வேற என்னா வேணும்?"

என் வாழ்க்கையில் நான் அத்தனை பேர் முன்னால் சொன்ன ஒரே பொய்க்கு அப்படி ஒரு சான்றிதழ் கிடைத்தது. அங்கிள் "சரிண்ணே" என்றார்.

புறப்படும்போது அங்கிள் கேட் வரைக்கும் வந்தார். நான் செருப்பு மலையில் என் இடது காலைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குனிந்து அவரும் தேடினார். அவர்தான் கண்டுபிடித்து என் காலருகே வைத்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கெழம வந்து அந்தச் சாமான கழட்டிருங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வர்றப்ப அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கழற்றினேன். அம்மாவும் அப்பாவும் உள்ளே தேதி பேசிக்கொண்டிருக்க, நான் வாசலில் உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் கால் மணி நேரம் தூசி தட்டினேன். வயர்களைப் பழையபடி மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டேன். பூனை நடக்கிற சத்தம்கூட வரவில்லை. குமிழும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்தச் சீனத் தம்பி கேட்ட ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கிறது.

பதினைந்து தீபாவளி போய்விட்டது. இப்போது பெரியப்பா கைபேசியிலேயே வருகிறார், ஆனாலும் எல்லோரும் அதே கூடத்தில்தான் கூடுகிறோம். வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, என்னா வேலைன்னு சொன்னீங்க?" உடனே கூடமே சேர்ந்து "கம்ப்யூட்டர்!" என்று கத்தும். கத்தி முடிக்கும்போது யாராவது ஒருவர் எழுந்து கூடத்துக் காத்தாடியை அணைப்பார். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு வியர்க்க வியர்க்கச் சிரிப்பு. வந்த மருமகள்கள், பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது பாடம். இதில் ரொம்பச் சத்தமாகச் சிரிப்பது யார் தெரியுமா? என் மாமனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். ஒரு தடவையாவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை? கிடையாது!

போன தீபாவளிக்கு எனக்குப் பொறுக்கவில்லை. சிரிப்பெல்லாம் அடங்குவதற்குள் சமையலறைக்குப் போய், கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த மாலினியிடம் போட்டு உடைத்தேன்.

"ஒன்னு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. அன்னிக்குக் காத்தாடிய அணைச்சது நான் இல்ல. உங்கப்பா."

"தெரியும்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"எப்படித் தெரியும்?"

"நான் சாமி வெளக்குக்கு எண்ண எடுத்துக்கிட்டு சமையக்கட்டு வாசல்ல நின்னேன், அவரு என்னப் பாக்கல. அப்பா வந்தாரு, ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணி எண்ணி அணைச்சாரு."

"பாத்துக்கிட்டா சும்மா இருந்த? சூடாயிரும்னு தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான எஞ்சினியர்."

"சரி, சித்தி கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க நான்தான்னுட்டீங்க." கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுவரைக்கும் எனக்கே உங்கள கட்டிக்கலாமா வேணாமான்னு கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு."

அந்தக் கூடத்தில் எனக்கு வைத்த பரீட்சை பெர்த்திலிருந்து வந்தது என்று பதினைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கூடத்தில் லேட்டாக வந்த யாரோ உறவுக்காரருக்காக மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். "தம்பி என்னா வேலை?" என்றது ஒரு குரல். "கம்ப்யூட்டர்!" என்றது கூடம். நான் வேகமாகக் கூடத்துக்குப் போனேன். இந்தத் தடவை காத்தாடியை நானே அணைத்தேன்.